ஸ்டூடியோவின் பழைய கணினிக்கு யார் காவல்?

பழுதடைந்த பொருளைக் கழிப்பது இயல்பு. நன்றாக இயங்கும் பொருளை, அதற்கு உயிரூட்டும் மென்பொருளைச் செய்தவனே "இனி உதவாது" என்று தள்ளிவைப்பது இக்காலத்து வழக்கம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. தனிநபர் பாவனையாளருக்கு ஓராண்டுப் பாதுகாப்பு நீடிப்பை அறிவித்ததாயினும், அது தவணையே அன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்ரெல் செயலி எனில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2016இல் வாங்கிய மேசைக் கணினி எத்தனை திடமாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

புகைப்படத் திருத்த மென்பொருளின் கதையும் இதுவே. 2012இல் வெளிவந்த போட்டோஷொப் சிஎஸ்6, பென்டியம் 4 செயலியும் 1 ஜிபி நினைவகமும் விண்டோஸ் எக்ஸ்பியும் இருந்தாலே இயங்கியது. இன்றைய போட்டோஷொப்புக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும். 16 ஜிபி இருப்பது நலம் என்கிறது அடோபி. 2013இல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியதால், ஒருமுறை வாங்கி ஆயுள் முழுவதும் பாவிக்கும் வழியும் அடைபட்டது. 2022இல் சுமார் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் எகிறிய டொலரைக் கண்ட நாட்டில், மாதாமாதம் சந்தா கட்டுவது சிறு தொழிலாளிக்கு எளிதன்று.

இதனால் கிண்ணியாவுக்கு என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது.

2015 முதல் கடவுச்சீட்டுக்கான புகைப்படத்தையும், 2017 முதல் தேசிய அடையாள அட்டைக்கான புகைப்படத்தையும், அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோக்களே எடுத்து இணையவழியாகத் திணைக்களங்களுக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளர் கையில் கிடைப்பது பற்றுச்சீட்டு மட்டுமே. கிண்ணியாவிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்வோர் ஏராளம். பரீட்சைக்காக அடையாள அட்டை எடுக்கும் மாணவரும் ஏராளம். அவர்களுடைய முகங்கள் முதலில் போய்த் தங்குமிடம், கடைத்தெருவில் உள்ள ஸ்டூடியோ ஒன்றின் கணினி. முன்னர் நெகட்டிவ் சுருள் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. இன்று அதே முகம், இணையத்துடன் பிணைக்கப்பட்ட வன்தட்டில் கிடக்கிறது.

அந்தக் கணினியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுபோன இயங்குதளமும், பூட்டுடைத்த போட்டோஷொப்பும் இருந்தால் என்ன ஆகும்? பூட்டுடைத்த மென்பொருளை நிறுவும்போது, வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கும்படி அதனுடன் வரும் குறிப்பே சொல்வதுண்டு. கள்வனுக்காகக் கதவைத் திறந்துவைத்து, காவல்நாயையும் கட்டிப்போடுவதற்கு ஒப்பானது அது. இழப்பு ஸ்டூடியோக்காரருக்கு மட்டுமன்று. அவரை நம்பி முகத்தைக் கொடுத்த ஊருக்கும்தான்.

ஸ்டூடியோக்காரரைக் குறைகூறுவது எளிது. அவர் பழைய பதிப்பை விடாமல் பிடித்திருப்பதற்கு வறுமை மாத்திரம் காரணமன்று. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஆகவே திருமண அழைப்பிதழ் முதல் மரண அறிவித்தல் வரை, பாமினி எழுத்துருவிலேயே கைகள் பழகிவிட்டன. புதிய மென்பொருளுக்கு மாறுவதென்றால் விரல்களும் புதிதாகப் படிக்கவேண்டும்.

என் கருத்து இதுதான்: கணினியைக் கழிக்கவேண்டாம், அதில் ஓடுவதை மாற்றுங்கள். பழைய வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும், கூடுதலாகச் சிறிது நினைவகமும் பொருத்தி, இலவசமான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால், பத்தாண்டு பழைய கணினியும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களுடன் இயங்கும். 1990களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய கிம்ப் மென்பொருளின் 3.0 பதிப்பு, 2025 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குச் சந்தா இல்லை. யூனிகோட் தமிழை அது ஒழுங்காகக் காட்டுகிறது. போட்டோஷொப் கோப்புகளையும் பெருமளவு திறக்கிறது.

அதற்குக் குறைகளும் உண்டு. அச்சகத்துக்குத் தேவையான நான்கு வண்ண முறையில் அது போட்டோஷொப்புக்கு ஈடாகாது. அத்தகைய வேலைக்கு முறையாக வாங்கிய பழைய பதிப்பு இருந்தால், அதை இணையத்திலிருந்து துண்டித்த தனிக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவ் வழியாகவும் வைரஸ் வரும் என்பதை மட்டும் மறக்கலாகாது. அடையாள அட்டைப் புகைப்படத்துக்கோ வெட்டுதல், அளவாக்கல், வெளிச்சம் சீராக்கல் போதும். அதற்கு கிம்ப் தாராளம்.

பொறுப்பு ஸ்டூடியோக்காரருடன் முடிவதில்லை. முன்பு அரச அலுவலகம் செய்யக்கூடிய பணியைத் தனியார் கடையிடம் ஒப்படைத்த அரசுக்கு, அந்தக் கடையின் கணினியைப் பற்றியும் அக்கறை வேண்டும். அங்கீகாரம் வழங்கும்போது பின்திரையின் நிறத்தையும் முகத்தின் அளவையும் வரையறுப்பவர்கள், புகைப்படங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்கவேண்டும் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். பிரதேச மட்டத்தில் ஒருநாள் பயிற்சிப் பட்டறை பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

அதுவரை, புகைப்படம் எடுக்கச் செல்லும் அன்பர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: "தம்பி, அனுப்பின பிறகு என்ட படத்த அழிச்சிருவீங்களா?" பத்துப்பேர் கேட்டால், பதினோராவது ஆளின் படம் கேட்காமலே அழிக்கப்படும்.