வெள்ளணுக்கள் மிகும்போது

“இடப்பக்க வயிறு கனக்கிறது என்று சென்ற என் தந்தைக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் 2,80,000 என்றும், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்றும் எழுதிக் கொடுத்துள்ளனர். முகம் வெளிறியிருப்பதால் இரத்தம் ஏற்றுங்கள் என்கின்றனர் உறவினர். டாக்டரோ இப்போது வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?” என்று வினவுகிறார் வாசகி ஒருவர்.

டாக்டர் சொல்வதைத்தான், சகோதரி. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவை இலட்சக்கணக்கில் பெருகினால் இரத்தம் தடித்துவிடும். அந்நிலையில் சிவப்பணுக்களையும் அவசரப்பட்டு ஏற்றினால் மேலும் தடித்து, நுண்ணிய குழாய்களில் ஓட்டம் தடைப்படக்கூடும். வெள்ளணுக்களைக் குறைத்த பின்னரே பெரும்பாலும் இரத்தம் ஏற்றுவர்.

இந்நோயில் எண்ணிக்கை மிக உயர்ந்தும் தொல்லையின்றி இருப்போர் பலர். ஆகவே எண்ணைவிட அறிகுறிகளையே கவனியுங்கள்: மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கடுந்தலைவலி, மனக்குழப்பம். ஆண்களுக்கு உறுப்பில் வலியோடு நீடிக்கும் விறைப்பும் ஏற்படலாம். நாணத்தால் இதைப் பிள்ளைகளிடமும் மறைப்பார்கள். மறைத்தால் கேடு நிலைத்துவிடும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தேவையானால் இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் செலுத்தி, வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை உடலுக்கே திருப்புவர். பயன் உடனடியானது, ஆனால் நிலைக்காது. கருவுற்ற தாய்மாருக்கு, குழந்தையை மருந்து தீண்டாதிருக்க, இம்முறை பெரிதும் உதவுகிறது.

மற்றவர்க்கு ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தே சில நாள்களில் எண்ணிக்கையைத் தணிக்கும். அழியும் அணுக்களிலிருந்து யூரிக் அமிலம் பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்காதிருக்க அல்லோப்யூரினால் தருவர். டாக்டர் தடுத்தாலன்றி நீரும் நிறையப் பருகவேண்டும்.

இவையெல்லாம் வெள்ளத்தை வடிப்பவை. உடைப்பை அடைப்பது வேறு மருந்து. இந்நோய்க்குரிய பிறழ்ந்த நிறப்புரியை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1960-இல் கண்டறிந்தனர். அதனால் உருவாகும் கெட்ட புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வழக்கத்துக்கு வந்தது. முன்னர்ச் சில ஆண்டுகளே வாழ்ந்தவர்கள் இன்று நாள்தோறும் மாத்திரை உண்டு நெடுங்காலம் வாழ்கின்றனர். எண்ணிக்கை சீரானதும் நாமே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நேரும் பெரும்பிழை. நோய் மீண்டும் தலைதூக்கும்; சிலருக்கு அதே மருந்து பின்னர்ப் பயன்படாமலும் போகும்.

தந்தையாருக்கு மரபணுப் பரிசோதனை ஆயிற்றா என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள்.