தூரத்துப் போரும் வாசலோரத்து வரிசையும்

2022 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. அதனையடுத்த மாதங்களில் வெள்ளவத்தைக் காலி வீதியிலும், துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையிலும் எரிபொருளுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. மண்ணெண்ணெய்க்குக் கலங்களை ஏந்தி முதியோரும் பெண்களும் வெயிலிற் காத்திருந்தனர். நாட்டின் வரிசைகளில் நின்றவாறே உயிர்நீத்தோரும் உளர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் காரண காரியமாகக் கோத்து, "யுத்தம் வந்தது, விலை ஏறியது, எவர் என்ன செய்ய முடியும்?" என்று வினவுவோர் ஆட்சிபீடத்தில் மட்டுமன்றி விரிவுரை மண்டபங்களிலும் இருக்கின்றனர். இக்கூற்றிற் பாதி உண்மை. பொய்யை மறுப்பது எளிது. பாதி உண்மையை மறுக்கப் புகுவோனோ உண்மையையே மறுப்பவனாகத் தோற்றமளிப்பான். எனவேதான் உண்மையான பாதியை முதலிற் பிரித்தெடுத்தல் அவசியமாகின்றது.

தூரத்துப் போர் எம் கரையைத் தீண்டும் என்பதற்குத் தமிழ் மொழியே சான்று பகரும். 1914 செப்டெம்பர் 22 ஆந் திகதி இரவு ஜேர்மனியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தது. அக்கப்பலின் பெயர் சாமர்த்தியசாலியையும் எத்தனையும் குறிக்கும் சொல்லாக மக்கள் வாயில் இன்றும் வழங்குகின்றது. 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் மூண்ட போரின்போது அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலருக்கு விற்ற மசகெண்ணெய் அடுத்த ஜனவரியில் 11 டொலரைக் கடந்தது. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டு, பாணுக்கு வரிசையில் நின்ற அக்காலத்து இலங்கைக்கு இது பேரிடியாயிற்று. 2022 மார்ச்சில் பிரெண்ட் மசகெண்ணெய் ஒரு கட்டத்தில் 139 டொலரைத் தொட்டது.

எனினும் விலை ஏறும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. எண்ணெய் தீர்ந்தபின் விலை ஏறுவதில்லை. தீரக்கூடும் என்ற அச்சமே விலையை ஏற்றிவிடுகின்றது. காப்புறுதிக் கட்டணமும் கப்பற் கூலியும் முன்பேர வணிகரின் ஊகமும் அவ்வச்சத்தை விலையாக மாற்றுகின்றன. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாட்கள் பொருதியபோது, ஹோர்மூஸ் நீரிணை மூடப்படுமோ என்ற ஐயம் மட்டுமே விலையை உயர்த்தப் போதுமாயிருந்தது. அப்போது நீரிணை மூடப்படவில்லை; போர்நிறுத்தச் செய்தியுடன் விலையும் இறங்கிற்று. அச்சம் ஒருவருக்குச் செலவாகும்போது மற்றொருவருக்கு வரவாகின்றது. 2022 இல் எக்ஸன்மொபில் நிறுவனம் ஈட்டிய இலாபம் 5,500 கோடி டொலருக்கு மேல். ஷெல் நிறுவனத்தினது ஏறத்தாழ 4,000 கோடி டொலர். போர் எல்லோரையும் வறியவராக்கும் என்போர் இக்கணக்கைப் பார்ப்பாராக.

அச்சம் இவ்வளவு பெறுமதி வாய்ந்த சரக்காயின், அதனை உற்பத்தி செய்யும் தொழிலும் தழைக்குமன்றோ? அத்தொழிலின் பெயரே பிரசாரம். 1990 ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் குழுவொன்றின் முன் தோன்றிய இளம்பெண்ணொருத்தி, குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் இன்குபேற்றர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையிற் கிடத்திச் சாகவிட்டதைக் கண்டதாகக் கண்ணீர்மல்கக் கூறினாள். அவள் குவைத் தூதுவரின் மகள் என்பதும், அச்சாட்சியத்தின் பின்னணியில் விளம்பர நிறுவனமொன்று இயங்கியதென்பதும் போர் முடிந்த பின்னரே உலகறிந்தன. குவைத்தில் உழைத்த இலங்கையர் பல்லாயிரவர் அதற்குள் வெறுங்கையராய் நாடு திரும்பியிருந்தனர். 2003 இல் ஈராக்கின் மீது தொடுக்கப்பட்ட போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவேயில்லை. மறுபுறத்தாரும் சளைத்தவரல்லர். உக்ரேனிற் புரியும் யுத்தத்தை "விசேட இராணுவ நடவடிக்கை" என்றே ரஷ்ய அரசு அழைத்தது. தன் படை குறித்துப் "பொய்ச்செய்தி" பரப்புவோர்க்கு நீண்ட சிறைவாசம் விதிக்கும் சட்டத்தை 2022 மார்ச்சில் இயற்றியது. அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசின் ஒளிபரப்புகளைத் தன் எல்லைக்குள் தடைசெய்தது. இப்பிரசாரங்களுள் ஒன்றைத் தெரிந்து, அதனையே தம் கருத்தென நம்பி, வொஷிங்டனுக்காகவோ மொஸ்கோவுக்காகவோ வாதாடும் மாணவர் தாம் சர்வதேச அரசியல் பேசுவதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அவர்கள் பிறர் வழக்கில் ஊதியமின்றித் தோன்றும் வழக்கறிஞரே.

இனிப் பொய்யான பாதியை நோக்குவோம். சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் மசகெண்ணெய் வாங்க டொலர் இன்றித் தற்காலிகமாக மூடப்பட்டது 2021 நவம்பரில். உக்ரேனிற் போர் தொடங்கியது அதற்கு மூன்று மாதங்களின் பின்னர். பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்து அரச வருமானத்தை வற்றச் செய்தது 2019 டிசெம்பரில். இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தி விளைச்சலைக் குலைத்தது 2021 இல். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தேடித் திண்டாடிய நிலையிலும், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் சர்வதேச முறியாளர்களுக்குக் கொடுபட்டது. இவற்றுள் எதனையும் ரஷ்யாவோ உக்ரேனோ செய்யவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆந் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. எண்ணெயை இறக்குமதி செய்யும் பங்களாதேசமும் நேபாளமும் அதே போரின் விலையேற்றத்தால் இடருற்றன. ஆயினும் அவை அவ்வாண்டில் அத்தகைய அறிவித்தலை விடுக்கவில்லை. மே மாத இறுதியில் சபுகஸ்கந்தையை மீண்டும் இயங்கச் செய்தது ரஷ்ய மசகெண்ணெயே. அதனை ஏற்றிவந்த கப்பல், கொடுக்கப் பணமின்மையால் ஒரு மாதத்துக்கு மேலாகக் கொழும்புக் கடலிற் காத்துநின்றது. எண்ணெய் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றது, கைக்கெட்டாதது டொலரே.

"விலையை உயர்த்தாது விட்டிருப்பின் கூட்டுத்தாபனம் மூழ்கியிருக்கும், பொருளியல் விதி எவர்க்கும் இரங்காது" எனச் சிலர் வாதிடுவர். வாங்கிய விலைக்குக் குறைவாக என்றென்றும் விற்க இயலாது என்பது மெய்யே. ஆனால் சுமையை எவர் தோளில், எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதைப் பொருளியல் விதி தீர்மானிப்பதில்லை, அமைச்சரவையே தீர்மானிக்கின்றது. ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று 2021 டிசெம்பர் இறுதியில் 177 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 470 ரூபா. மீனவர் தோணிக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளர் விளக்குக்கும் உயிராகிய மண்ணெண்ணெய், 2022 ஆகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வரிக்குறைப்பினாற் பயன்பெற்றோர் முதலிற் பெற்றனர். முறியாளர்கள் அடுத்துப் பெற்றனர். தோணிக்காரனுக்கு வந்துசேர்ந்தது சிட்டை மாத்திரமே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருட் பலர்க்கு இவ்வரிசை முதல் அனுபவமன்று. 1987 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்டது. 1990 இன் பின்னர் வடக்கின் பொருளாதாரத் தடை பல்லாண்டுகள் நீடித்தது. சிறிது பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்களும், போத்தல் விளக்கொளியிற் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் அக்காலத்தின் சின்னங்கள். நானூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட அப்போர் கொழும்புப் பத்திரிகைகளுக்குத் தூரத்துப் போராகவே இருந்தது. விலை ஏன் இத்துணை மடங்கு என்று வினவியோர்க்கு "யுத்தம்" என்ற ஒரு சொல்லே விடையாயிற்று. 2022 இல் தெற்கின் மக்கள் வினவியபோதும் அச்சொல்லே மீண்டும் எடுத்தாளப்பட்டது. அது போதாதெனக் கண்டபோது, ஏப்ரல் 3 ஆந் திகதி சமூக ஊடகங்களும் சில மணிநேரம் முடக்கப்பட்டன. கீவ் நகராயினும் கிளிநொச்சியாயினும், கேள்வியை நிறுத்துதற்கு ஆள்வோர் கையாளும் சொல் ஒன்றே. இதனை உணரும் தமிழ் மாணவன் தன் சிங்கள, முஸ்லிம் தோழனுடன் பேசுதற்கு ஒரு பொது மொழியைப் பெறுகின்றான். வடக்கின் தடையைப் பற்றி அத்தோழன் முன்னர் கேளாதிருந்திருக்கலாம். வரிசையில் நின்றபின் அவனுக்கு அதனை விளக்குவது கடினமன்று.

பல்கலைக்கழகத்தின் கடன் யாது? விலையேற்ற அறிவித்தல் வெளிவரும் ஒவ்வொரு முறையும், உலகச் சந்தை விலை எவ்வளவு, ரூபாவின் வீழ்ச்சி எவ்வளவு, அரசின் வரி எவ்வளவு எனக் கூறுபடுத்தி மும்மொழியிலும் மக்கள் முன் வைத்தலாம். இதற்குப் பொருளியற் பேராசான்கள் தேவையில்லை. இரண்டாம் வருட மாணவர் நால்வரும் ஒரு கரும்பலகையும் போதும். திருகோணமலையிற் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பயன்படாது காடுமண்டிக் கிடந்தன. அடுத்த போர் எந்தக் கடலில் மூளும் என எவரும் அறியார். அது மூளுமுன் தாங்கிகளில் எண்ணெயும் திறைசேரியில் டொலரும் இருந்தனவா என்ற வினாவுக்கு விடை கூறவேண்டியோர் கொழும்பிலேயே இருக்கின்றனர். வினவ வேண்டியோரும் இங்கேதான் இருக்கின்றனர்.