சீழை வடிக்க ஒரு மெல்லிய குழாய்

தோழர்களே, குடல்வால் வெடித்தாலோ, பிரசவ அறுவைக்குப் பிறகு கிருமி தொற்றினாலோ இடுப்புக்குழியில் சீழ் கட்டலாம். வயிற்றை மறுபடி கிழிக்காமல், ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பல நேரங்களில் அதை வடித்துவிடலாம். கூலிக்கு நாற்று நடும் நம் பெண்களுக்கு இன்னொரு பெரிய அறுவை என்றால் பல வாரக் கூலி போச்சு.

அதிகக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் போராடிய பிறகு, 2021இல் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறியது. பெயர்ப்பலகை மாறினால் போதுமா? அங்கும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை இரவிலும் கிடைக்கிறதா? செய்யத் தெரிந்த மருத்துவர்கள் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள்.