தம் வண்டியைத் தாமே செப்பனிடுதல்

ஓய்வு நாளை மனிதர் கழிக்கும் வகைகள் பல. சிலர் உறங்குவர், சிலர் விளையாடுவர், சிலர் உற்றாரைக் கண்டு அளவளாவுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, சனிக்கிழமை விடிந்ததும் பழைய உடையொன்றை அணிந்துகொண்டு, தம் மோட்டார் லாரியின் அடியிலே படுத்துக்கொள்ளும் கூட்டத்தார் பலர் உளர். இவர்கள் தொழிலால் மெக்கானிக்குகள் அல்லர். வாரநாட்களில் ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளியாசிரியர், ஒருவர் விவசாயி. பின்புறம் திறந்த சரக்குப் பெட்டியுடன் கூடிய சிறு லாரியை அந்நாட்டார் பிக்கப் என்பர். அஃது அங்கே குடும்ப வண்டியாகவும் தொழிற்கருவியாகவும் ஒருங்கே பயன்படுகிறது. அதனைக் கூலி கொடுத்துச் செப்பனிடாமல், தம் கையாலேயே பழுதுபார்க்க முற்படும் இவர்கள் அடையும் ஏமாற்றங்களுக்கு அளவில்லை. ஒரு மணி நேரத்தில் முடியுமென்று தொடங்கிய வேலை இரண்டு நாளையும் விழுங்கிவிடும். “இத்துன்பம் எதற்கு? தொழில் அறிந்தவனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஆகாதோ?” என்று அயலார் வினவுவர். இவ்வினா நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. இதற்கு நேர்மையான விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது கொள்கையை முன்னதாகவே கூறிவிடுவோம். இவ்வேலையில் நேரும் துன்பங்கள் இருவகைப்படும். ஒன்று, துருவும் காலமும் விளைப்பது; அது மனிதனுக்கு அறிவையும் பொறுமையையும் ஊட்டுவது. மற்றொன்று, அறிந்தோர் தம் அறிவை மறைத்து வைப்பதனால் விளைவது. அது யாதொன்றையும் கற்பிப்பதில்லை. முன்னதைப் பொறுத்துக்கொள்ளுதல் தகும். பின்னதைப் பொறுத்துக்கொள்ளுதல் தகாது.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியதென்பதை முதலில் நோக்குவோம். ஹென்றி ஃபோர்டின் கம்பெனியார் 1908 முதல் 1927 வரை ‘மாடல் டி’ என்னும் மோட்டார் வண்டியை ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் அளவிற் செய்தளித்தனர். 1925ஆம் ஆண்டில் அவ்வண்டியையே பின்புறச் சரக்குப் பெட்டியுடன் அமைத்து 281 டாலர் விலைக்கு விற்றனர். நாட்டுப்புற விவசாயிகள் பலர் அத்தகைய வண்டிகளை வாங்கினர். பட்டறை தொலைவில் இருந்தமையால், அவர்கள் தாமே கழற்றித் தாமே பூட்ட வேண்டியவராயினர். அவ்வண்டியின் அமைப்பும் அதற்கு இடங்கொடுத்தது. சில ஸ்பானர்களும் ஒரு திருப்புளியும் ஒரு சுத்தியலும் இருந்தாற் பெரும்பாலான வேலைகள் முடிந்தன. உதிரிச் சாமான்கள் இரும்புக் கடைகளிலும் தபால் மூலமாகவும் கிடைத்தன. ஆகவே, அமெரிக்கர் தம் லாரியைத் தாமே செப்பனிடுதல் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றியதன்று. அது தேவையிற் பிறந்து, வழக்கமாய் வேரூன்றியது.

இனித் துருவின் கொடுமையைச் சிறிது கூறுவோம். அந்நாட்டின் வடபகுதிகளில், பனிக்காலத்திலே சாலைமீது உறையும் பனியை உருக்குதற்பொருட்டு உப்பைத் தூவுகின்றனர். உப்புக் கலந்த நீர் சக்கரங்களால் வாரியடிக்கப்பட்டு, லாரியின் அடிப்பாகமெங்கும் படிகிறது. உப்புநீர் இரும்பை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்யும். துருவானது தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வது. ஆதலால் போல்ட்டின் மரைக்கும் அது புகுந்திருக்கும் துளைக்கும் இடையே துரு பெருகி, இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்துள்ள இடத்தில் உப்புநீர் புகுமாயின், அரிப்பு இன்னும் மிகுதியாம். புத்தகத்திலே “நான்கு போல்ட்டுகளைக் கழற்றுக” என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். அவ்வொரு வரியினுள்ளே ஒருவனது சனிக்கிழமை முழுவதும் அடங்கியிருப்பதை நூலெழுதினோர் கூறுவதில்லை.

என்ஜினைச் சுற்றி நீரைச் செலுத்தும் பம்பு ஒழுகுகிறதென்று வைத்துக்கொள்வோம். புதிய பம்பு வாங்கி வந்தாயிற்று. பழையதைக் கழற்றும்பொழுது மூன்று போல்ட்டுகள் இணங்கிவிடும். நான்காவது முரண்டு பிடிக்கும். ஸ்பானரின் பிடியிலே குழாயைச் செருகி நீட்டி அழுத்தினால், தலை முறிந்து கையோடு வரும். உடல் உள்ளே நின்றுவிடும். அதன் நடுவே துளையிட்டு, முறிந்த ஆணியை எடுத்தற்கென்றே செய்யப்பட்ட மற்றொரு கருவியை உட்செலுத்தித் திருகுவர். அக்கருவியோ மிகக் கடினமான உருக்கினாற் செய்யப்பட்டது. பதற்றத்தில் அதுவும் உள்ளே முறிந்துவிடுமானால், அதனைத் துளைக்கச் சாதாரணத் துளையாணி பயன்படாது. முன்பு ஒரு போல்ட்டு மாத்திரம் பகையாயிருந்தது. இப்பொழுது பகை இரண்டு. வேறு சாமான் வாங்கக் கடைக்குப் போகலாமென்றாலோ, போதற்குரிய லாரி கழற்றப்பட்டுக் கிடக்கிறது. அயலாரிடம் வண்டி இரவல் கேட்டுக் கடைக்குச் சென்று திரும்பினால், வாங்கி வந்தது வேறோர் ஆண்டின் என்ஜினுக்குரியதாயிருக்கும். இதற்குள் ஞாயிறு வந்துவிடும். ஆலயத்திற்குச் சென்று வந்தபின் மீண்டும் அழுக்குடை அணிதல் வேண்டும். திங்கள் காலையிலோ வேலைக்குச் செல்ல வண்டி வேண்டும். வண்டி ஒருவருக்கு விளையாட்டுப் பொருளாயின் இஃது எரிச்சல் மாத்திரமே. அதனைக் கொண்டே நாட்கூலி ஈட்டுபவருக்கு இஃது அடுத்த வாரத்து உணவைப்பற்றிய கவலையாகும்.

இதன் வரவு செலவையும் ஒளியாமற் கூறவேண்டும். பட்டறைக் கூலி மிச்சமாவது உண்மை. எனினும், ஒருமுறை மாத்திரம் பயன்பட்டு, பின்பு பெட்டியில் உறங்கும் கருவிகளுக்குப் பணம் செலவாகிறது. அரைகுறையாய்க் கெடுத்த வண்டியை முடிவிற் பட்டறைக்கே இழுத்துச் செல்ல நேருமாயின், முதலிலேயே அங்கு விட்டிருந்தால் ஆகும் செலவினும் அதிகமாகும். ஆகவே பணம் ஒன்றையே நோக்குவோருக்கு இவ்வேலை சிலசமயம் லாபம், சிலசமயம் நஷ்டம். கூலி கொடுக்க வகையற்றவருக்கோ இக்கணக்கே பொருந்தாது. தாமே செய்தல், அல்லது வண்டியை நிறுத்திவைத்தல் என்னும் இரண்டு வழிகளே அவர்களுக்கு உண்டு.

இங்ஙனமாயினும், துருவினால் வரும் துன்பத்தை நாம் வெறுக்கவில்லை. அதில் வஞ்சகம் இல்லை. முறைப்படி அணுகுவோருக்கு அது வழிவிடும். எண்ணெய் இட்டு ஓர் இரவு காத்திருப்பவனுக்கும், சூடுகாட்டித் தளர்த்துபவனுக்கும், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாய்த் திருப்புபவனுக்கும் பெரும்பாலும் போல்ட்டு இணங்குகிறது. கோபத்துக்கு அது முறிகிறது. தன் கோபத்தின் பயனை உடனே கண்முன் காட்டும் ஆசிரியர் மனிதனுக்கு மிகச் சிலரே.

இதற்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 லாரிகளுட் சிலவற்றில், சிலிண்டருக்கு மூன்று வால்வுகள் கொண்ட 5.4 லிட்டர் என்ஜின் அமைக்கப்பட்டது. அதன் ஸ்பார்க் பிளக்கின் கீழ்ப்பகுதி நீண்டு மெலிந்தது. அதனைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிடுவதால், கழற்றும்பொழுது பல பிளக்குகள் இரண்டாய் முறிந்து, கீழ்த்துண்டு என்ஜினுக்குள்ளேயே தங்கின. வீட்டில் வேலை செய்வோர் மாத்திரமன்றிப் பட்டறைக்காரரும் இதனாற் கலங்கினர். பின்னர், முதலிற் சிறிதளவே திருப்பிக் கரியைக் கரைக்கும் திரவத்தை ஊற்றிக் காத்திருந்து, முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பியெடுக்கும் முறையைக் கம்பெனியாரே எழுதி வெளியிட்டனர். முறிந்த துண்டை எடுத்தற்குரிய கருவிகளும் விற்பனைக்கு வந்தன. அமைப்பின் குறை நீங்கவில்லை. ஆயினும் அறிவு பரவியபடியால் அக்குறை தாங்கத்தக்கதாயிற்று. இதுவே நாம் வற்புறுத்தும் உண்மை. கடினமான வேலையன்று, மறைக்கப்பட்ட வேலையே மனிதனைத் தோற்கடிப்பது.

மறைத்தலின் கதை இனி வருவது. 1996ஆம் ஆண்டு மாடல் முதல், அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும் சிறு லாரிகளிலும் ஒரே மாதிரியான 16 முனைச் செருகிடம் இருத்தல் வேண்டுமென்று அரசாங்கம் விதித்தது. புகைக்கேட்டைக் கண்காணித்தலே அதன் முதல் நோக்கம். அச்செருகிடத்தில் ஒரு சிறு கருவியைச் செருகினால், என்ஜினின் கம்ப்யூட்டர் தான் கண்ட குறையை ஓர் எண்ணாற் குறிக்கும். அவ்வெண் நோயின் அடையாளமேயன்றி நோயன்று. ‘காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு’ என்று அது குறிக்குமாயின், குற்றவாளி வெடித்துப்போன ஒரு சிறு ரப்பர்க் குழாயாகவும் இருக்கலாம். எண்ணை நம்பி விலையுயர்ந்த பாகத்தை மாற்றி ஏமாந்தோர் பலர். அதுவும் ஆராய்ச்சியால் வெல்லத்தக்க துன்பமே.

ஆனால் கம்ப்யூட்டர் வண்டியின் ஒவ்வோர் உறுப்பிலும் புகுந்தபின் நிலைமை மாறிற்று. சில வண்டிகளில், பின்சக்கரத்துப் பிரேக் கட்டைகளை மாற்றுதற்கு முன், மின்சாரத்தால் இயங்கும் ஹாண்ட் பிரேக்கை விலக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடல் வேண்டும். சில பாகங்களைச் சரியாகப் பூட்டியபின்னும், கம்பெனியின் மென்பொருள் அங்கீகரித்தாலன்றி அவை இயங்கா. இங்கே கைத்திறமையும் பொறுமையும் பயன்படுவதில்லை. போல்ட்டு கழன்றது, பாகம் பொருந்தியது, வண்டி மாத்திரம் அசையவில்லை. விலை கொடுத்து வாங்கியவன் தன் பொருளின் வாயிலில் அந்நியனைப்போல் நிற்கிறான்.

இதனை எதிர்த்து அமெரிக்க ஜனங்கள் வாளாவிருந்திலர். உத்தரவாதத்தை வைத்து மிரட்டி வாங்கினோரைத் தம் பாகங்களையே வாங்கச் செய்தலை 1975ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்திருந்தது. 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ மென்பொருளின் பூட்டைத் திறத்தலைக் குற்றமாக்கிற்று. 2015இல் வண்டிக்குரியோர் பழுதுபார்த்தற்பொருட்டு அப்பூட்டைத் திறப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், பழுதுபார்த்தற்குரிய விவரங்களைக் கம்பெனிகள் அனைவர்க்கும் நியாயமான விலைக்குத் தரவேண்டுமென்று பத்தில் எட்டுப் பங்கிற்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். 2014இல் கம்பெனிகள் அவ்வேற்பாட்டை நாடு முழுதும் பின்பற்ற உடன்பட்டன. பின்பு வண்டிகள் தம் செய்திகளைக் கம்பியின்றிக் கம்பெனிக்கே நேராக அனுப்பத் தொடங்கவே, 2020இல் அம்மாகாணத்தார் மறுபடியும் வாக்களித்தனர். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் அச்செய்திகளும் உரியவனுக்குக் கிடைக்கவேண்டுமென்றனர். கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. கொலராடோ மாகாணம் 2023இல் உழவு யந்திரங்களுக்கு இவ்வுரிமையைச் சட்டமாக்கிற்று.

கம்பெனிகள் கூறும் தடைகளுள் நியாயம் சிறிதும் இல்லையென்று நாம் சொல்லோம். பயிற்சியற்றவன் பிரேக்கைத் தவறாகப் பூட்டினால், எதிரே வருபவனும் இறத்தல் கூடும். திறந்த பூட்டு திருடனுக்கும் திறந்ததே. ஆனால் இவ்வபாயங்களுக்கு மருந்து அறியாமையன்று, தெளிவான போதனையே. லாரியை ஜாக்கியால் மாத்திரம் தூக்கி நிறுத்தி அடியிற் படுத்தலாகாது, உறுதியான தாங்கிகளின்மேல் அதனை இருத்தவேண்டும் என்பதை ஒருவன் அறிந்தால் உயிர் பிழைக்கிறான். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாதென்பதை அறிந்தால் ஊரார் குடிநீர் பிழைக்கிறது. தன் திறமைக்கு அப்பாற்பட்ட வேலையைப் பட்டறையில் ஒப்புவித்தலும் அறிவின்பாற்பட்டதே. ஆனால் எது தன் திறமைக்கு அப்பாற்பட்டது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன் உரியவனேயன்றி விற்றவன் அல்லன்.

இஃது அமெரிக்கருக்கு மாத்திரம் உரிய வழக்கென்று நாம் இருந்துவிடலாகாது. நம் இந்திய அரசாங்கத்தின் நுகர்வோர் துறை 2022ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிற்று. மோட்டார் வண்டிகளும் உழவுக் கருவிகளும் அதன்கண் அடங்கும். இணையத்தளம் ஒன்றினாலேயே உரிமை நிலைபெறாது. அதனைக் கேட்டுப் பெறும் ஜனங்களும், பெற்றபின் பயன்படுத்தும் கைகளும் வேண்டும். எழுதுகோல் பிடித்த கை ஸ்பானரைத் தொடுதல் இழிவென்று எண்ணுவோர் கல்லூரிகளில் இன்னும் சிலர் உளர். அவர்கள் ஒரு சனிக்கிழமையேனும் துருப்பிடித்த ஒரு போல்ட்டுடன் போராடிப் பார்ப்பார்களாக. அன்று அவர்கள் தோற்றாலும் இழுக்கில்லை. ஏன் தோற்றோமென்பதை அறிந்துகொள்வர். அவ்வாறு அறிந்துகொள்வதற்கே இடமில்லாதபடி பூட்டப்பட்ட பொருளை, விலை முழுதும் கொடுத்திருந்தாலும், ஒருவன் தன்னுடையதென்று எங்ஙனம் கூறுவான்?