ஏழு பேர் வீட்டுக்கு எந்த வண்டி?

நம்ம பக்கம் ஒரு விவசாயி கார் வாங்கப் போறான்னு தெரிஞ்சா போதும், டீக்கடையில இருந்து சொசைட்டி வாசல் வரைக்கும் ஒரே யோசனைதான் சொல்லுவாங்க. "டீசலா பாத்து எடுப்பா, பெட்ரோல் வண்டி கட்டுபடி ஆகாது." சொல்றவருக்கு நாம மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம்னு தெரியாது. கேக்கவும் மாட்டார். டிராக்டர் டீசல், மோட்டார் டீசல், அதனால காரும் டீசல். அவ்வளவுதான் கணக்கு.

இதுல எனக்கு வேற கருத்து இருக்குங்க. மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டற, ஏழு பேர் இருக்கற கிராமத்து வீட்டுக்குப் பழைய பெட்ரோல் வண்டிதான் சரி. மாசம் 250 கூட ஓடாதுன்னா பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம், வாடகை வண்டியே போதும். ரெண்டுக்கும் கணக்கு சொல்றேன்.

எங்க வீட்ல அப்பா, அம்மா, பெரியம்மா, நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர். கோபிக்குப் பக்கத்துல தோட்டத்து வீடு. பஸ் நிக்கற இடத்துக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். கோயமுத்தூர்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் வச்சிருந்த 2014 மாடல் பெட்ரோல் எர்டிகாவை 4,60,000 ரூபாய்க்கு எடுத்தோம். ஓடினது 62,000 கிலோமீட்டர். அதே வருஷத்து டீசல் எர்டிகாவுக்கு ஒரு லட்சம் கூடக் கேட்டாங்க. அது 1,40,000 ஓடியிருந்துச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர். எங்க வண்டி லிட்டருக்கு 14 குடுக்குது. 430 லிட்டர், லிட்டர் 101 ரூபாய்னு வச்சா 43,000 ரூபாய் சொச்சம். டீசல் வண்டி 19 குடுக்கும்னு வச்சுக்குவோம். 316 லிட்டர், 93 ரூபாய்னு போட்டா 29,000 சொச்சம். ஆக டீசல்ல வருஷத்துக்கு 14,000 ரூபாய் மிச்சம். நெசந்தான், இல்லைங்கல. ஆனா அந்த 14,000-ஐ மிச்சம் பண்ண முதல்லயே ஒரு லட்சம் கூடக் குடுக்கறோம். அந்த லட்சம் திரும்பி வர ஏழு வருஷம் ஆகும். அதுக்குள்ள டர்போவோ இன்ஜெக்டரோ ஒரு தடவை மக்கர் பண்ணுச்சுன்னா ரெண்டு வருஷ மிச்சம் மெக்கானிக் கடையிலயே போயிரும்.

இதைவிட முக்கியமான விசயம் ஒண்ணு இருக்கு. டீசல் வண்டியை யார் வாங்கியிருப்பாங்க? நிறைய ஓட்டறவங்கதான். டாக்ஸிக்கு ஓட்டினவங்க, மார்க்கெட்டிங் வேலைக்கு மாவட்டம் மாவட்டமா சுத்தினவங்க. கொஞ்சமா ஓட்டற குடும்பம் பெட்ரோலை எடுத்திருக்கும். பழைய வண்டி வாங்கறவன் வண்டியை மட்டும் வாங்கறதில்ல, அது ஓடின ஓட்டத்தையும் சேத்து வாங்கறான். செக்குல கட்டின மாட்டையும் வீட்டுக் கறவையையும் ஒரே மாதிரி பாப்பமா?

புது டீசல் எடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகள்ல புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைக்கறாங்க. வண்டி நல்லா சூடாகி நீண்ட தூரம் ஓடினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு சுத்தமாகும். தோட்டத்துல இருந்து கடைவீதி, கடைவீதியில இருந்து ஸ்கூல்னு நாலு கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே ஓட்டினா அது அடைச்சுக்கும். மாருதி அந்த 2020-லயே டீசல் காரை நிறுத்திட்டாங்க. எர்டிகாவும் அப்புறம் டீசல்ல வரல.

"ஈகோ எடுத்திருக்கலாமே, பாதி விலைதானே"ன்னு மச்சான் கேட்டார். 2010-ல இருந்து வர்ற வண்டி, பழைய மாடல் 1196 சிசி, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டுப் பாப்பார், தள்ளுகதவு இருக்கறதால ஏறி இறங்க வசதி. எல்லாம் சரி. ஆனா 2016-ல குளோபல் என்கேப் மோதிப் பாத்தப்ப ஏர்பேக் இல்லாத ஈகோவுக்குக் கிடைச்சது சுழியம் நட்சத்திரம். டிரைவர் ஏர்பேக் கட்டாயம்னு ஆனதே 2019 ஜூலையிலதான். அதுக்கு முந்தின ஈகோவை எடுத்து வீட்டுல இருக்கற அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டு பைபாஸ்ல போறதுக்கு எனக்கு மனசு வரல. நாங்க எடுத்த வண்டியில முன்னால ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் ரெண்டும் இருக்கு. ஸ்டீரியோ, அலாய் வீல், சீட் கவருக்குக் குடுக்கற காசை இதுக்குக் குடுக்கலாம். நெல்லு காயப்போட்ட ரோட்டுல ராத்திரி பிரேக் பிடிச்சவனுக்கு ஏபிஎஸ்ஸோட அருமை தெரியும்.

பாத்து வாங்கறது எப்படி? அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மாடு பிடிக்கிற மாதிரிதான். பல்லைப் பாக்கணும், நடக்க விட்டுப் பாக்கணும், யார் கையில இருந்துச்சுன்னு விசாரிக்கணும். துண்டுக்குள்ள கையை விட்டு விலை பேசற தரகர் அங்க. இங்க போன்லயே "சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்"ங்கற தரகர். ரெண்டு பேரும் வாங்கறவனோட அவசரத்தை வச்சுத்தான் பிழைக்கறாங்க. அதனால அவசரப்படக் கூடாது.

காலையில இன்ஜின் ஆறி இருக்கறப்ப போங்க. நாம வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி சூடு ஏத்தி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிருங்க. ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க, உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலக்குதான்னு மெக்கானிக்கைக் கேளுங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 3519-ன்னா 2019-ஆம் வருஷம் 35-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் இருக்குன்னு பழைய டயரை நம்பாதீங்க, வயசானா ரப்பர் வெடிப்பு விடும். எல்லாக் கண்ணாடியிலயும் தயாரிச்ச வருஷக் குறி இருக்கும், ஒண்ணு மட்டும் மாறியிருந்தா ஏன்னு கேளுங்க. பின் சீட்டு பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. உள்ள சேறு படிஞ்சிருந்தா வண்டி வெள்ளத்துல நின்னதா இருக்கலாம்.

பேப்பர்ல இன்னும் கவனம் வேணும். வண்டி நம்பரை பரிவாகன் தளத்துல போட்டா எத்தனாவது ஓனர், கடன் இருக்கா, இன்சூரன்ஸ் எது வரைக்கும், அபராதம் பாக்கி இருக்கான்னு தெரிஞ்சுரும். மஞ்சள் போர்டுல ஓடி வெள்ளை போர்டுக்கு மாறின வண்டியான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிச்சுக்கங்க. வெளி மாநில வண்டி விலை கம்மியா இருக்கும். தடையில்லாச் சான்று, இங்க கட்ட வேண்டிய வரின்னு சேத்துப் பாத்தா அந்தக் கம்மி காணாமப் போயிரும். ஆர்.சி.யில பதினஞ்சு வருஷம் எப்ப முடியுதுன்னு பாருங்க. எங்க வண்டிக்கு 2029. அதுக்கு மேல எஃப்.சி., பசுமை வரி எல்லாம் வரும். அதனால வாங்கறப்பவே எத்தனை வருஷம் வச்சிருப்போம்னு ஒரு கணக்கு இருக்கணும்.

காசு கைமாறின அன்னைக்கே படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்கி பேர் மாத்தக் குடுத்துருங்க. நம்ம பக்கம் மூணு கை மாறியும் முதல் ஓனர் பேர்லயே ஓடற வண்டி எத்தனை இருக்கு! விபத்து நடந்தா ஆர்.சி.யில யார் பேரோ அவர்தான் உரிமையாளர்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே சொல்லிருச்சு. வித்தவருக்கும் அது ஆபத்து. இன்சூரன்ஸ் பழைய ஓனர் பேர்ல இருந்தா நம்ம வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேக்கறப்ப நமக்கும் இழுபறி. பதினாலு நாளைக்குள்ள அதையும் மாத்திரணும்.

பெட்ரோல் வண்டிக்கும் குறை உண்டு. மறைக்க வேண்டியதில்ல. ஏழு பேர் உக்காந்து திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவும் ஏறினா ரெண்டாவது கியர்லயே முனகிட்டுத்தான் போகும். சில இடத்துல ஏசியை நிறுத்தினாத்தான் இழுக்கும். கடைசி சீட்டை நிமித்தி வச்சா பின்னாடி இருக்கற இடம் வெறும் 135 லிட்டர். ஒரு வாழைத்தார் நிக்காது. கடைசி சீட்டு பசங்களுக்குத்தான், முட்டி வலிக்காரங்களுக்கு இல்ல. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 2023-க்கு முந்தின வண்டிகள்ல பெரும்பாலானது அதுக்குன்னு செஞ்சதில்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஓஸ், ரப்பர் வாசரை வருஷம் ஒருக்கா பாத்துக்கணும். மாசக்கணக்கா நிறுத்தி வைக்கக் கூடாது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆனா அந்த எத்தனால் நம்ம கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் இருந்துதான் வருது, அதனால விவசாயி ரொம்பவும் திட்ட முடியாது.

நம்ம ஊர் வண்டிக்கு இன்னொரு எதிரி எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்துல நிறுத்தினா ஒரே வாரத்துல இன்ஜினுக்குள்ள கூடு கட்டி ஒயரைக் கடிச்சிரும். தவுட்டு மூட்டை இருக்கற கொட்டாய்லயும் நிறுத்தாதீங்க. புகையிலையைத் துணியில முடிஞ்சு உள்ள தொங்க விடறோம். அதைவிட நல்ல வைத்தியம் வாரத்துல ரெண்டு நாள் வண்டியை எடுத்து ஓட்டறது.

சரி, மொத்தச் செலவு என்ன? ஆறு வருஷம் கழிச்சு ரெண்டு லட்சத்துக்குப் போகும்னு வச்சா வருஷத்துக்கு 43,000 தேய்மானம். பெட்ரோல் 43,000. இன்சூரன்ஸ் 12,000. சர்வீஸ், டயர் 15,000. மொத்தம் 1,13,000. கிலோமீட்டருக்கு 19 ரூபாய் வருது. இங்க ஏழு சீட்டு வாடகை வண்டியும் ஏறக்குறைய அதேதான், டிரைவர் பேட்டா தனி. ஆக, சொந்தக் கார் காசை மிச்சம் பண்ணும்ங்கறது பொய். 6,000 ஓட்டினா சமமா வரும். 3,000 மட்டும் ஓட்டினா கிலோமீட்டருக்கு 30 ரூபாய் ஆயிரும். அதனாலதான் மாசம் 250-க்குக் கீழே ஓட்டறவங்களுக்கு வேண்டாம்ங்கறேன். "அந்தக் காசுக்கு நாலஞ்சு கறவை மாடு பிடிச்சிருக்கலாம்"னு எங்க அப்பா சொன்னதுல தப்பே இல்ல. மாடு பால் கறக்கும். கார் நம்ம பாக்கெட்டைத்தான் கறக்கும்.

அப்புறம் எதுக்குங்க வாங்கறது? பெருந்துறை ஆஸ்பத்திரிக்கு அம்மாவோட பெரியம்மாவும் கூட வர முடியுதே, அதுக்கு. முன்னாடி எழவு, கல்யாணம்னா பைக்ல ஒருத்தர்தான் போவோம், கூட ஒருத்தர் தொத்திக்குவார். பெரும்பாலும் ஆம்பளைங்க. வயசான பொம்பளைங்க வீட்டைக் காத்துக்கிட்டு இருக்கணும். இப்ப பாரியூர் குண்டத்துக்கு ஏழு பேரும் சேந்து போறோம். பெரியம்மா தன் கூடப்பிறந்தவ ஊருக்குப் பல வருஷத்துக்கு அப்புறம் போய்ட்டு வந்தாங்க. எங்க வீட்டுக்காரி லைசென்ஸ் எடுத்துட்டாங்க. நான் தண்ணி கட்டப் போயிருந்தாலும் வண்டி நகருது. இதையெல்லாம் கிலோமீட்டர் கணக்குல எழுத முடியாது.

கிராமத்துல கார் நின்னா அது பாதி ஊர்ப் பொது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. போய்த்தான் ஆகணும். ஆனா அதுக்குக் காசு வாங்கக் கூடாதுங்கறதுல நான் உறுதி. மரியாதைக்கு மட்டும் சொல்லல. வெள்ளை போர்டுல காசு வாங்கி ஆள் ஏத்தினா அது வாடகை ஓட்டம். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் நம்மளைக் கைவிட்டுரும், தோட்டத்தை வித்துத்தான் கட்டணும். அதே மாதிரி ஏழு சீட்டுல பதினோரு பேர் வேண்டாம். யார் கோவிச்சுக்கிட்டாலும் சரி.

கடைசியா ஒண்ணு. மஞ்சள் வித்த காசுல வாங்குங்க, நகையை வச்சு வாங்காதீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பெருசா எடுத்தான்னு நாமளும் பெருசா எடுத்தா, தவணை கட்டற மாசத்துல வேப்பமரத்தடியில நிக்கற காரைப் பாத்துக்கிட்டு டவுன் பஸ்ல போக வேண்டி வரும். அடுத்த ஆறு மாசத்துக்கு எங்கெங்க போறீங்க, எத்தனை பேர் போறீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. டீசலா பெட்ரோலா, வேணுமா வேண்டாமான்னு அந்த நோட்டே சொல்லிரும்.