ஷோபினும் சரளி வரிசையும்

"பாட்டு கிளாஸ் போ, கேம் எதுக்கு?"ன்னு ரிமோட்டைப் பிடுங்குற பெற்றோர்களே, ஒரு நிமிஷம்!

2007-ல ஜப்பான்காரன் எடர்னல் சொனாட்டான்னு ஒரு கேம் விட்டான். 1849-ல, 39 வயசுல, பாரிஸ்ல சாகக் கிடக்குற போலந்து இசைமேதை ஷோபின் காணுற கனவுதான் கதை. கனவுக்குள்ள அவரும் சண்டை போடுறார். கூட வர்றவங்க போல்கா, அலெக்ரெட்டோ, வயோலா (பேரே பாடம்!). நடுநடுவே ஆட்டம் நின்னு, ஸ்டானிஸ்லாவ் பூனின் பியானோவோட ஷோபினின் நிஜ வாழ்க்கை ஓடும். சண்டைக்கு சகுராபா இசை. அதுல எனக்கு வருத்தம்தான்.

ஊரைவிட்டு வந்த நாம இ.எம்.ஐ. மாதிரி மாசாமாசம் பாட்டு ஃபீஸ் கட்டுறோம். சரளி வரிசையை வகுத்ததா சொல்ற புரந்தரதாசர் யாருன்னு பிள்ளையைக் கேளுங்க. கூடச் சேர்ந்து நீங்களும் முழிப்பீங்க.