டீசல் பைப்புக்கு டேப் எதுக்கு?

பழைய அம்பாசிடரை வாங்கிச் சீராக்கும் நகரத்து நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். இரும்பு டீசல் பைப் ஒழுகினா, உடனே மரையில டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. அது தண்ணிக் குழாய் வைத்தியம். பிளேர் இணைப்புல கசிவை அடைக்கறது மரை இல்லை; கூம்பா விரிச்ச பைப் வாய் எதிர்க் கூம்புல அழுந்தி உட்காருறதுதான். மரை இழுத்துப் பிடிக்க மட்டும். பில்டருக்கு அப்புறம் டேப் பிய்ஞ்சா, துணுக்கு பம்புக்குத்தான் போகும்.

எங்க பக்கம் டிராக்டர் மெக்கானிக்குகள் பைப்பை நேரா அறுத்து, பிசிறு எடுத்து, முதல்ல நட்டைக் கோத்துட்டுத்தான் வாயை விரிப்பாங்க. விரிச்சப்புறம் நட்டு நுழையாதே! ஒழுகுதேன்னு மேலும் மேலும் இறுக்கறதும் வேண்டாம், வாய் வெடிச்சிரும். கழற்றி, கீறல் இருக்கான்னு பாருங்க. இருந்தா வெட்டிட்டு மறுபடி விரிக்கணும். அதுக்கு பைப்புல நீளம் மிச்சம் இருக்கணும்.